பன்னிரண்டு உம்மாக்களை ஒரு வீடாக்கிய நிரல்

பள்ளிவாசல் மதிலில் ஒட்டியிருந்த வெள்ள நிவாரணப் பட்டியலை இன்று காலை மூன்று தடவை வாசித்தேன். நம் தெருவில் ‘உம்மா’ என்று பெயர் முடிகிற பெண்கள் பன்னிரண்டு பேர். பட்டியலில் ஆசியா உம்மா மட்டும்தான் இருந்தார். மற்றப் பதினொரு பேருக்கும் உலருணவுப் பொதி இல்லை.

“நான் என்ன தம்பி, மௌத்தாகிட்டனா? உசிரோடதானே இரிக்கன்!” என்று கேட்டார் சுலைஹா உம்மா.

பட்டியலைத் தயாரித்தது, மச்சான், நீ தொடங்கிய கணினி வகுப்பு. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து, அது ஒன்றாக இருந்தவர்களை ஒரே வீடாக்கி, வீட்டுக்கு ஒரு பொதி என்று நிரல் வெட்டியிருக்கிறது. குடும்பப் பெயரே இல்லாமல், வாப்பாவின் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் ஊரில்!

நிரலை எழுதியவள் ரிஸ்னா, வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம். எந்த வரி இதைச் செய்தது என்று கேட்டேன்.

“தெரியா சேர். ஏஐயிட்டக் கேட்டன், எழுதித் தந்திச்சி, ஓடிச்சி.”

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உன் இடத்துக்கு வந்த பொறுப்பாளர் நாற்காலியை விட்டு எழும்பாமலே சொன்னார்: “ஏஐ பிழை விடாது. பேரத்தான் பிழையாக் குடுத்திருப்பாங்க.”

நீ புதியவர்களை முதல் மாதம் கணினியைத் தொட விடமாட்டாய். தம் தெருவில் பத்துப் பேரின் பெயரைத் தாளில் எழுதி, நிரலின் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் அவர்கள்மேல் நடத்திப் பார்க்க வேண்டும். “மச்சான், இது கொம்பியூட்டர் வகுப்பா, சித்திர வகுப்பா?” என்று நான் நக்கலடித்தேன். “பத்துப் பேருக்குச் சரி வராதது ஊருக்குச் சரி வருமாடா?” என்றாய். கடைசி வருடம் நீயும் ஏஐயிடம் எழுதி வாங்கினாய். அதையும் அதே பத்துப் பெயரில்தான் ஓட்டினாய்.

நீ மௌத்தாகி எட்டு மாதம். அந்த முதல் மாதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘இரண்டே கிழமையில் நிரலாளர்’ என்று வாசலில் பதாகை கட்டியிருக்கிறார்கள். கற்பிக்காமல் விட்டதை வேகம் என்று விற்கிறார்கள். பிழை வந்ததும் பிள்ளையின் தலையில் போடுகிறார்கள்.

ரிஸ்னாவைத் தன் தெருவின் பத்துப் பெயர் எழுதிய தாளோடு இருத்தினேன். பத்திரிகைக்காரனான எனக்கு நிரல் தெரியாது; வரிக்கு வரி, “இது இந்த ஆளை என்ன செய்யுது?” என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் பெயரில் அவள் பென்சில் நின்றது.

“சேர், எண்ட உம்மாட பேரும் இப்படித்தான் முடியுது, இது அவவையும் வெட்டியிருக்கும்.”

அஸர் தொழுகைக்கு முன் திருத்திய பட்டியல் மதிலேறியது. ஆனால் பொதிகளில் மிஞ்சியிருந்தவை நான்கு. ஏழு பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். பொறுப்பாளர் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

கேட்டுக் கேட்டு நடத்தும் உன் பிடிவாதம்தான் எனக்கு மிச்சம். நாளைய பத்திரிகைக்கான செய்தியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு பெயரையும் முன்னெழுத்தோடு முழுதாகப் போடுகிறேன், ஏழு வீடாக.