அடுத்து வாங்கப்போகிறவர்

நேற்று திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த வெளிநாட்டுக் காரின் கதவைத் திறந்தேன். எலுமிச்சையும் மல்லிகையும் கலந்த செயற்கை வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டேன். நீ அப்படித்தான் செய்வாய். "எதுக்கு வாசனை போட்டாங்கன்னு கொஞ்ச நேரத்துல அதுவே சொல்லும், பேசாம உக்காரு" என்பாய். உட்கார்ந்தேன். முதலில் எலுமிச்சை அடங்கியது, பிறகு மல்லிகை. அதற்கப்புறம் காலடியில் விரித்திருந்த கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து ஈரச் சாக்கின் நாற்றம் மெல்ல எழுந்து வந்தது.

வெளியே என் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்காகத்தான் அந்த வண்டியைப் பார்க்கப் போனேன். உன்னால் நம்ப முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அவரே போன் செய்தார். அண்ணிக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க வசதியாக ஒரு வண்டி வேண்டும், பழையதாக இருந்தாலும் பெரிய வண்டியாகப் பார்க்கலாம் என்றார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "உன்கூட வருமே ஒரு பொண்ணு, அதையும் கூட்டிக்கினு வா" என்றார்.

"அவ செத்துட்டாண்ணா."

"எப்போ?"

"போன ஐப்பசில."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே."

பிறகு, "சரி, நீ மட்டும் வா" என்றார். அவ்வளவுதான்.

நம் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது கம்பெனி பஸ்ஸில். என்னை எங்கள் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏனாத்தூர் வரும். அங்கே நீ ஏறுவாய், எப்போதும் கடைசி ஆளாக, கையில் சீப்போடு. கார் தொழிற்சாலையில் நீ டாஷ்போர்டு பொருத்தும் வரிசையில் இருந்தாய். நான் பெயின்ட் பார்க்கும் இடத்தில். பின்னால் இருவரையும் கடைசிச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒப்பந்த ஆட்களைக் குறைத்தபோது இருவருக்கும் ஒன்றாகத்தான் வேலை போனது. நான் வீட்டில் அழுதுகொண்டிருந்தேன். நீ போன் செய்து, "பழைய கார் வாங்கறவங்களுக்கு வண்டி பாத்து சொல்லலாம்பா. நம்ம வேலைதானே அது" என்றாய். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இரண்டு பெண்கள் ஸ்கூட்டியில் போய் இறங்கி, அடுத்தவர் பென்ஸ் காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பதை இந்த ஊரில் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டேன். "வாங்கறவன் ஒத்துக்குவான். விக்கறவன்தான் ஒத்துக்க மாட்டான்" என்றாய்.

அது சரியாகத்தான் இருந்தது. சென்னையில் ஓடிச் சலித்த பெரிய கார்கள் கைமாறி இந்த ஊருக்கு வந்துகொண்டே இருந்தன. பட்டுக்கடைக்காரர்கள், டாக்டர்கள், மனை விற்கிறவர்கள் என்று வாங்குகிறவர்களும் இருந்தார்கள். பெயின்ட்டின் கனம் பார்க்கும் மீட்டர், ஒரு ஸ்கேனர், டார்ச், நீ தரையில் விரித்துப் படுக்கும் பழைய போர்வை. இவ்வளவுதான் நம் சொத்து. ஊரார் வண்டியில் ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற நீ, உன் ஸ்கூட்டியின் பின் பிரேக்கை மட்டும் கடைசிவரை சரிசெய்யவில்லை. தெருவில் நுழையும்போதே அது கத்தும். நாய்கள்கூட உன்னைத் தெரிந்துவைத்திருந்தன.

உன்னோடு வேலை செய்வது எளிதாக இருந்ததில்லை. ஒரு கதவை நான் பார்த்து முடித்த பிறகும் நீ மறுபடி பார்ப்பாய். கேட்டால் பதில் சொல்ல மாட்டாய். வெயிலில் நின்று எனக்குத் தலை வலிக்கும். வாங்குகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நீ இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டச் சொல்வாய்.

அண்ணன் முதல்முறை கார் வாங்க நினைத்தது ரேவதியின் கல்யாணத்துக்கு. மகள் புகுந்த வீட்டுக்கு நல்ல காரில் போய் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தரகர் ஒருவர் சாம்பல் நிற வெளிநாட்டுக் கார் ஒன்றைக் காட்டியிருந்தார். அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. வாக்கும் கொடுத்து, நாளும் பார்த்துவிட்டார். பூஜை போடுகிற அன்று காலையில்தான் நம்மைக் கூப்பிட்டார். "சும்மா ஒருவாட்டி பாத்துட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவை நீ அன்றுதான் முதலில் பார்த்தாய். இரு பக்கமும் வீடுகளுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு ஏற்கெனவே சந்தனம் வைத்திருந்தார்கள். மாலை ஒரு தாம்பாளத்தில் இருந்தது. அண்ணி எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தார். உனக்குக் காகிதக் கப்பில். நீ இரண்டையும் பார்த்தாய். குடித்தாய். கப்பைக் கசக்கி உன் கருவிப் பையில் போட்டுக்கொண்டாய். அதைப் பற்றி நீ என்னிடம் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை.

பெயின்ட் நன்றாக இருந்தது. இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. ஸ்கேனரில் எந்தப் பழுதும் காட்டவில்லை. தரகர் சிரித்துக்கொண்டே மாலையைக் கையில் எடுத்தார். நீ சீட்டு பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசிவரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"முன்னாடி ரெண்டு பெல்ட்டும் புதுசு. பின்னாடி பழசு" என்றாய் என்னிடம் மெதுவாக.

எனக்குப் புரிந்தது. பெரிய மோதல் நடந்தால் முன் பெல்ட்டுகள் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் மாற்றித்தான் ஆக வேண்டும். பெல்ட் பூட்டிக்கொள்கிற அளவுக்கு மோதியிருந்தால், ஏர்பேக் எனப்படும் அந்தக் காற்றுப் பைகளும் விரிந்திருக்கும். அவற்றை மாற்ற ஆகும் செலவில் இன்னொரு சின்ன வண்டியே வாங்கலாம்.

முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற பெட்டியைக் கழற்ற வேண்டும் என்றாய். தரகரின் சிரிப்பு போய்விட்டது.

"கழட்டினா மாட்டறது யாரு?"

"நான்தான். தினமும் மாட்டிக்கினு இருந்தேன்."

அண்ணன் என்னைத்தான் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போவுது. மாலை போடற வண்டிய நடுத்தெருவுல பிரிச்சிப் போடணுமா? நான் பட்டு பாக்கற கண்ணு. எனக்குத் தெரியாதா வண்டி எப்படின்னு?" தெருவில் நாலைந்து பேர் நின்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

நீ அண்ணனிடம் வாதாடவில்லை. திருகுகளைக் கழற்றினாய். பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தாய். பிறகு வாசலில் நின்றிருந்த அண்ணியைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க" என்றாய்.

அண்ணி வந்தார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்னம்மா இருக்குது?"

"ஒண்ணும் இல்லக்கா. அதைத்தான் காட்டறேன்."

பை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மேலே உள்ள மூடியைப் புதிதாகத் தோல் ஒட்டி மூடியிருந்தார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க, வயரின் முனையில் அரிசி அளவுக்கு ஒரு பொருளைச் சொருகியிருந்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் அதைப் பை என்று நம்பிக்கொண்டிருந்தது. ஸ்கேனரும் நம்பியது. இதையெல்லாம் நீ அண்ணிக்கு இரண்டே வாக்கியத்தில் சொன்னாய். பிறகு கேட்டாய்: "இந்தச் சீட்டுல யாருக்கா உக்காருவாங்க?"

"ரேவதிதான். பின்னாடி உக்காந்தா அவளுக்கு வாந்தி வரும்" என்றார் அண்ணி. சொல்லி முடித்தபின் சற்று நேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "வேணாங்க" என்றார்.

"நாள் பாத்தாச்சு" என்றார் அண்ணன்.

"வேற நாள் பாருங்க."

அண்ணி அந்தத் தெருவில் நாலு பேர் முன்னிலையில் அண்ணனுக்கு எதிராகப் பேசி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். அண்ணன் உள்ளே போய்விட்டார். நீ பெட்டியைத் திரும்ப மாட்டினாய். எல்லாத் திருகையும் போட்டு, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கிளம்பினாய். தரகர் பேசிய பேச்சை எழுத வேண்டாம்.

அன்று மாலை அண்ணன் எனக்குப் போன் செய்து, "விசேஷ வீட்டுல வந்து காரியத்தக் கெடுத்துட்டுப் போச்சு. யாரு என்னன்னு பாக்காம எல்லாரையும் வாசல் வரைக்கும் கூட்டிக்கினு வர்றதே உனக்கு வழக்கமாப் போச்சு. இனிமே அது இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். ரேவதியின் கல்யாணப் பத்திரிகை எனக்கு வந்தது. உனக்கு வரவில்லை. நீ கேட்கவும் இல்லை. கல்யாணத்தன்று தென்னேரியில் ஒரு வண்டி பார்க்கத் தனியாகப் போயிருந்தாய் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உன் பேச்சே எடுப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. அன்று திரும்பும் வழியில், ரங்கசாமி குளத்தருகே சிக்னலில் நிற்கும்போது நீ கேட்டாய்: "இப்போ அந்த வண்டி யார்கிட்ட போவும்?"

"யார்கிட்ட போனா என்ன? நம்ம வேலை முடிஞ்சிது" என்றேன். அண்ணன் கோபம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே நீ தரகருக்குப் போன் செய்திருக்கிறாய். அவர் திட்டிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி. பைகளை மாற்றிவிட்டால் நானே வந்து பார்த்து நல்ல வண்டி என்று எழுதித் தருகிறேன், எனக்கு எதுவும் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். நேரில் போயும் சொன்னாய். பைபாஸ் பக்கம் அவருடைய ஷெட்டில் ஒருநாள் நானும் உன்னோடு இருந்தேன். "நீ யாரும்மா? வண்டி உன்னுதா, வாங்கறது நீயா?" என்று கேட்டார். நீ அந்தச் சாம்பல் நிற வண்டியின் அருகில் போய் நின்றுகொண்டாய். எனக்கு வெட்கமாக இருந்தது; உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். நீ நகரவில்லை.

மழைக்காலம் போய்ப் பொங்கலும் போனபின் அவரே கூப்பிட்டார். வந்து பார் என்றார். உன் தொல்லை தாங்காமல் மாற்றினாரா, வண்டி விற்காமல் நின்றதால் மாற்றினாரா, எனக்குத் தெரியாது. நாம் போனோம். நீ மறுபடி அந்தப் பெட்டியைக் கழற்றினாய். உள்ளே பை இருந்தது, கம்பெனி முத்திரையோடு. ஸ்டீயரிங்கிலும் இருந்தது. நீ தரகரைப் பார்த்துத் தலையாட்டினாய். சொன்னபடி எழுதிக் கொடுத்தாய். அவர் டீ வாங்கி வந்தார், மூன்று பேருக்கும். அதன்பிறகு தன் ஷெட்டுக்கு வரும் வண்டிகளை முதலில் நம்மிடம்தான் காட்டினார்.

வயிற்று வலி என்று நீ சென்னைக்குப் போனது அடுத்த வருடம். பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று, நான் தனியாகப் பார்த்த ஒரு வண்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு வலிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "கியர்பாக்ஸ் ஆயில் பாத்தியா?" என்றாய். நான் பார்த்திருக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் போய்ப் பார்த்தேன்.

ஏனாத்தூர் கல்லறைத் தோட்டத்தில் உன் உறவுகளுக்குப் பின்னால் அந்தத் தரகரும் நின்றிருந்தார், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

நேற்றைய வண்டியை முடிக்கிறேன். கார்ப்பெட்டைத் தூக்கினேன். பஞ்சு ஈரமாக இருந்தது. சீட்டின் அடிக்கம்பிகளில் துரு ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தது. வயர் இணைப்புகளுக்குள் வண்டல் மண். எங்கோ வெள்ளத்தில் நின்ற வண்டி. விற்கிறவர் ஓய்வுபெற்ற மனிதர். அவரும் இன்னொருவரிடம் வாங்கியவர்தான். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இது வேணாண்ணா" என்றேன்.

"சரி" என்றார் அண்ணன். ஏன் என்று கேட்கவில்லை. தன் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் திரும்ப அந்த வீட்டுக்காரரிடம் போனேன். காற்றுப் பைகளை விரிக்கிற கம்ப்யூட்டர் பெட்டி சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, அதில் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றாமல் வீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள், வாங்க வருகிறவரிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். "நீங்கதான் வேணாம்னுட்டீங்களே. அப்புறம் உங்களுக்கு என்னம்மா?" என்றார். உன்னைப் போலவே நானும் நகரவில்லை. அவருடைய போன் நம்பரைக் கேட்டேன். விருப்பமில்லாமல் கொடுத்தார்.

வண்டியில் அண்ணன் கேட்டார்: "வேணாம்னு சொல்லியாச்சு. இன்னும் அங்க என்ன பேசிக்கினு இருந்த?"

அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறக் காரின் மீதிக் கதையை அவருக்குச் சொன்னேன். நீ செய்த போன்கள், ஷெட், தரகர், புதிய பைகள், எல்லாம். பிள்ளையார்பாளையம் வரும்வரை அவருக்கு அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த வண்டிய அப்புறம் யாரு வாங்கினாங்க?"

"தெரியாதுண்ணா. அவளுக்கும் தெரியாது. அவ கேட்டுக்கல."

இன்று காலை திருப்பருத்திக்குன்றத்துக்காரருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி செய்வேன்.