மணிக்கட்டு வரை மஞ்சள்

பிள்ளைகளின் வாப்பாவுக்கு, ஸலாம்.

லொறியைக் கட்டுகஸ்தோட்டையிலேயே நிறுத்துங்கள், வீட்டுக்கு வராதீர்கள். முன் அறையில் சுங்க அதிகாரிகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். என் போனையும் வாங்கிக்கொண்டார்கள். அதனால் குசினியில் அடுப்பருகே நின்று இதை எழுதித் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எழுபதுகளில் உங்கள் வாப்பா, அரசாங்கம் தடைசெய்த பருப்பை ஒளித்து விற்றார். எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அதையே கடை வாசலில் குவித்தார். இப்போதைய மஞ்சள் இறக்குமதித் தடையும் அப்படியே நீங்கும் என்கிறீர்கள். அதுவரை பிள்ளைகள் மஞ்சள் மூட்டைகளுக்கு மேலேயா தூங்குவது?

"வீட்டுல இந்திய மஞ்சள் இருக்கா?" என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

"கறிக்குப் போடவே மஞ்சள் இல்ல" என்று சொல்லித் தேநீர் நீட்டினேன்.

வாங்கியவர் குடிக்கவில்லை. என் கைகளையே பார்த்தார். காலையில் மூட்டைகளை மாற்றி அடுக்கியவள் நான்தானே. மணிக்கட்டு வரை மஞ்சள்.

உங்கள் மூட்டைகளுக்குக் காவல் இருப்பவள்