பூரண சுகம்

கொழும்பு ஆஸ்பத்திரி
3-8-1943

அன்புள்ள தங்கேஸ்வரிக்கு,

இங்கே நான் பூரண சுகம். உமது சுகமும் பிள்ளைகளின் சுகமும் அறிய ஆவல். காலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. நீர் பிள்ளைகளை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வரவேண்டாம். ரயில் முழுக்கப் பட்டாளத்தார். லொறிக்காரக் குலசிங்கத்தார் செலவைத் தருவதாக என்னை மோதிய இடத்திலேயே சொன்னவர். அவரோடு சண்டைக்குப் போகாதேயும்.

அன்புள்ள கணவன்,
பாக்கியரத்தினம்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
14-8-1943

பிள்ளைகளின் அப்பாவுக்குத் தங்கேஸ்வரி எழுதுவது.

உங்கள் கடிதத்தைக் குலசிங்கத்தாரிடம் காட்டினேன். செலவைத் தருவதாக அவர் சொன்னதை எழுதியிருந்தீர்களே, பார்த்தாவது மனம் இளகட்டும் என்றுதான். வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கியவர் திருப்பித் தரவில்லை. இப்போது அவருக்காக வழக்குப் பேசும் புறக்கிராசி, "பூரண சுகம் எண்டு தன்ர கையாலயே எழுதின ஆளுக்கு என்ன நட்டஈடு?" என்று கேட்கிறார். செத்த வீட்டிலிருந்து எழுதினாலும் நாங்கள் சுகம் என்றுதானே தொடங்குவோம். அவரும் தமிழர்தான், இது தெரியாதா?

லொறிக்கு இன்சூரன்ஸ் இல்லையாம். குலசிங்கத்தாரிடம் இருப்பது அந்த லொறி ஒன்றுதான். அதையும் விற்க ஆள் பார்க்கிறார். விற்றுவிட்டால் வழக்கில் வென்றும் பலனில்லை. விற்கவிடாமல் தடுக்கும்படி இருபத்தேழாம் திகதி எங்கள் புறக்கிராசி ஸைனுலாப்தீன் கோட்டில் கேட்கப்போகிறார். அதற்கு டாக்டர் காயத்தைப் பற்றி எழுதித் தரும் துண்டும், நடந்ததை நீங்களே எழுதிய கடிதமும் வேண்டும். உடனே அனுப்புங்கள்.

தங்கேஸ்வரி

கொழும்பு
18-8-1943

அன்புள்ள தங்கேஸ்வரிக்கு,

நான் சுகம். டாக்டருக்கு மூச்சுவிட நேரமில்லை, துண்டு பிறகு பார்ப்போம். வழக்கு வம்பெல்லாம் எங்களுக்கு வேண்டாம். சின்னவளுக்கு இருமல் நின்றதா?

பாக்கியரத்தினம்

திருகோணமலை
21-8-1943

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

கொழும்புக்குப் போய்வந்த துறைமுகத்து அபூதாஹிர் உங்களைப் பார்த்தாராம். எப்படியிருக்கிறார் என்று கேட்டால் அரிசி விலையைக் கதைக்கிறார். இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. சுகம் என்று எழுதுவதானால் இனிக் கடிதமே போடவேண்டாம்.

தங்கேஸ்வரி

கொழும்பு
24-8-1943

தங்கேஸ்வரிக்கு,

நான் சுகமில்லை. ஜூலை பதினெட்டாம் திகதி பின்னேரம், ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், குலசிங்கத்தாரின் லொறி பிழையான பக்கத்தால் வந்து என் சைக்கிளில் மோதியது. இருட்டடிப்புச் சட்டப்படி லொறியின் லைற்றுக்குக் கறுப்புப் பூசியிருந்தது உண்மை. அப்போது வெயில் இருந்ததும் உண்மை. ஜூலை முப்பதாம் திகதி எனது வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். இனித் துறைமுகத்தில் பாரம் தூக்க ஏலாது. டாக்டரின் துண்டு இத்துடன்.

இந்தக் கடிதத்தைக் கோட்டில் உரத்து வாசிப்பார்கள். ஆகையால் உமக்கென்று இதில் ஒன்றும் எழுதவில்லை.

க. பாக்கியரத்தினம்

திருகோணமலை
28-8-1943

என் அன்புக்குரியவருக்கு,

கடிதம் நேரத்துக்கு வந்தது. நேற்றுக் கோட்டில் வாசித்தார்கள். வழக்கு முடியும்வரை லொறியை விற்க ஏலாது என்று கட்டளையாகிவிட்டது. நல்ல கடிதம் என்றார் ஸைனுலாப்தீன். அத்தனை பேருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள்மேல் எனக்குச் சரியான கோபம். காலில்லாமல் தனியே கிடந்து நீங்கள் சுகம் என்று எழுதினீர்கள். நானும் அதை நம்பி, நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுத்தேன்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு மைமூனா பார்த்துக்கொள்ளுவாள். இது உங்கள் கையில் கிடைக்கும்போது நான் ரயில் ஏறியிருப்பேன். வரவேண்டாம் என்று எழுத உங்களுக்கு நேரமிருக்காது.

தங்கேஸ்வரி