மாமனார் பெயரைச் சொல்லாதவள்

மார்ச் 4

இன்றைக்கும் ஏழெட்டுப் பெண்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ரத்தசோகை ஆய்வுக்கென்று மலைக்கிராமங்களிலிருந்து நாரின் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வண்டி பிடித்து வருகிறார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. பிறகு தனியறையில் ஒலிப்பதிவுக் கருவி முன்னால் உட்காரவைத்து, அடையாளத்துக்காகக் குடும்பத் தலைவர் பெயரை, அதாவது மாமனார் பெயரை, கேட்க வேண்டும். அவள் வாயாலேயே சொல்லி, குரல் பதிவாக வேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்கக்கூடாது. பெண்கள் சுதந்திரமாகப் பேச வேண்டுமாம்! எங்கேயோ தூரதேசத்தில் உட்கார்ந்து போட்ட விதி.

இங்கே எந்த மருமகள் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்வாள்? நானே சொல்லமாட்டேன், அவர் செத்து இத்தனை வருஷமாகியும். தலையைக் குனிந்தால் 'மறுத்தார்' என்று பதிவாகிவிடும். ஆய்வில் இல்லாதவளுக்கு இரும்புச்சத்து ட்ரிப்ஸ் கிடையாது.

மார்ச் 6

பெகிமாய் என்று ஒரு பெண். மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து உதிரப்போக்கு நிற்கவில்லை. உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. ரத்த அளவு ஆறுக்கும் கீழே.

"சொல்லிடும்மா. நானும் நீயும்தானே இருக்கோம்."

"எங்க பெரியவர் பேரையா? ஐயோ அக்கா, நாக்கு எழும்பாது."

"சரி, எழுதிக் காட்டு."

எழுதினாள். ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர் எர்மெக்கிடம் கொண்டுபோனேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குரல் வேணும்," என்றார்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லை. எங்கே போவாள் இவள்?

மார்ச் 7

கேட்டேவிட்டேன். "நீங்களும் இந்த மண்ணுதானே டாக்டர். உங்க வீட்டம்மா உங்கப்பா பேரைச் சொல்லுவாங்களா?"

சிரித்தார். "என் பொண்டாட்டி மரியாதை தெரிஞ்சவ, ஷைர்கூல்."

சே! அவர் வீட்டில் என்றால் மரியாதை, பெகிமாயிடம் என்றால் மறுப்பு. அதோடு விடவில்லை — உடம்பு ரொம்ப மோசமானவர்கள் தானாக விலகிக்கொண்டால் சராசரி நன்றாக வருமாம். 'மலைப்பெண்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்' என்று எழுதலாமாம். இந்த மனுஷனுக்கு எதிரில் உட்கார்ந்துதான் மத்தியானம் லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

மார்ச் 8

பெண்கள் தினம். டாக்டர் எங்களுக்கெல்லாம் பூ கொடுத்தார். என்னுடையதைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மார்ச் 11

பெகிமாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்தார்கள். கண்ணே திறக்கவில்லை. கூட அவள் மாமியார் துர்சுன்கான் அத்தை, பின்னால் மாமனார். வரிசையில் ஊர் ஜனம் முழுக்க நிற்கிறது.

டாக்டர் அறைவாசலில் நின்றுகொண்டு, "பதிவு ஆகலியே அத்தை. அவதான் சொல்லணும்," என்றார். பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறவளிடம் பெயர் கேட்கிறார்! தூ! மனுஷ ஜென்மமா இது?

"எந்தப் பேருடா வேணும் உனக்கு?" என்றார் அத்தை.

நான்தான் சொன்னேன். "மாமா பேரு, அத்தை."

அத்தை தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இந்த வயது வரை அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. அப்புறம் கத்தினார் பாருங்கள், கூடமே அதிர்ந்தது. "அசான்பெக்! அசான்பெக்! போதுமா? இவ செத்து, இவ பேரைச் சொல்லி ஒப்பாரி வைக்கிறதுக்குப் பதிலா, என் புருஷன் பேரை இப்பவே சொல்லி அழுதுட்டுப் போறேன். பதிஞ்சுக்கோ!"

வரிசையிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமனார் சுவரைப் பார்த்தபடி, "மருந்தைப் போடுங்க," என்றார், மெதுவாக.

டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. அத்தனை பேர் பார்க்கிறார்களே. தலையை ஆட்டினார். நான் ஊசியைக் குத்திவிட்டேன்.

மார்ச் 14

பெகிமாய் எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள்.

மார்ச் 20

கூடத்தில் நடந்தது மேலிடம் வரை எட்டியதோ என்னவோ, பெயர் கேட்கிற அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். "ஆரம்பத்திலிருந்தே அது அவ்வளவு அவசியமில்ல," என்கிறார் எர்மெக், எவனோ மூன்றாம் மனிதன் செய்த தப்பைப் போல. அவசியமில்லையாம்!

"அப்ப, பட்டியல்லேர்ந்து அடிச்சுட்ட பொண்ணுங்களைத் திரும்பக் கூப்பிடலாமா?"

"அதெல்லாம் அடுத்த ஆய்வுல பாத்துக்கலாம்."

அடுத்த ஆய்வு வரைக்கும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது இந்த ஆளிடம்?

மார்ச் 21

நூருஸ், வசந்தகாலப் புத்தாண்டு விடுமுறை. தம்பியின் வண்டியை வாங்கிக்கொண்டேன். பட்டியலிலிருந்து அடித்துவிட்ட பெண்களை வீடுவீடாகப் போய் அழைத்துவருவதாக ஏற்பாடு. டாக்டர் என்னை வேலையைவிட்டுத் துரத்தட்டும், பார்க்கலாம்.

துர்சுன்கான் அத்தை கேட்காமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "மருமகளுங்ககிட்ட நீ பேசிக்கோ," என்றார். "மாமியாருங்களை நான் பாத்துக்கறேன்."