பொம்மை லாரியில் கசிந்த உப்பு

8-12-1971, புதன்

தம்பி காஷ்மீரில் ராணுவ லாரி ஓட்டுகிறான். ஆரோவில்லில் நான் தச்சு வேலை செய்யும் வீட்டு வெள்ளைக்காரர், அதே மாதிரி ஒரு பொம்மை லாரி கொடுத்தார். அதைப் பனியில் ஓடித் தேய்ந்த வண்டியாக்கப் பழகுகிறேன். செங்காவிப் பூச்சின் மேல் உப்பைத் தூவி, வெள்ளை டிஸ்டெம்பர் அடித்து, காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். உப்பு உதிர்ந்த இடங்களில் வெள்ளை பெயர்ந்தது போலக் காவி தெரியும்.

கடையில் காய்ந்த உப்பு வாங்காமல், உப்பளத்துக் குவியலில் இருந்து ஒரு பிடி அள்ளி வந்தேன். மழைக்காற்றில் அது கசியும் என்பது உப்பளத்திலேயே வளர்ந்த எனக்குத் தெரியாதா? முட்டாள்தனம். மதியம் பார்த்தால் டிரைவர் கதவிலிருந்து சிவப்பாக நீர் இறங்குகிறது. துடைத்தேன். மறுபடியும் இறங்கியது.

அம்மா வந்து கதவைத் தொட்டாள். சிவந்த விரலைப் பார்த்தபடி நின்றாள். ரேடியோவில் சண்டைச் செய்தி ஓடியது. தீபாவளிக்குப் பிறகு தம்பியிடமிருந்து கடிதம் இல்லை.

“அவன் நல்லாத்தாம்மா இருக்கான்,” என்றேன்.

“நான் ஒண்ணும் கேக்கலையேடா,” என்றாள்.

கையைக் கழுவாமலே படுத்திருக்கிறாள்.