யானைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றனவாம்

என்னங்க,

காலையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து நம் மகள் கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பினாள். தட்டினேன். யானையின் உறுமல். செம்பனைக்காட்டுப் பக்கமிருந்து நம் சமையலறைச் சன்னல் வரைக்கும் வருமே, அதே மாதிரி. கரண்டியைப் போட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உடனே அவளே கூப்பிட்டுப் பேசினாள். "மா, யானைங்க ஒன்னுக்கொன்னு பேர் வச்சுக் கூப்பிடுதாம். விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு யானைய கூப்பிட்ட சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அதுக்கே போட்டுக் காட்டுனா, பதில் குடுத்துக்கிட்டு கிட்ட வருதாம். வேற யானைய கூப்பிட்ட சத்தத்துக்கு அவ்வளவா அசையறதில்லையாம்." அது ஆப்பிரிக்க யானைகளிடம் பார்த்ததாம். "அப்பா அப்பவே சொன்னாங்கல்ல?" என்றாள்.

சொன்னீர்கள்தான். பாலோ செம்பனைத் தோட்டத்தில் யானை நுழையாமல் மின்வேலி பார்க்கிற வேலை உங்களுக்கு. ஒருநாள் சேறு படிந்த பூட்ஸோடு வந்து பின்வாசலில் உட்கார்ந்தீர்கள். "மூணு குட்டி நின்னுச்சு. தாய் ஒரு சத்தம் குடுத்துச்சு. ஒன்னுதான் திரும்புச்சு. மத்த ரெண்டும் அதுபாட்டுக்கு குருத்து தின்னுச்சு. அதுங்களுக்கு பேர் இருக்கு, தெரியுமா?"

நான் சும்மா இருப்பேனா? "அப்ப எல்லாத்துக்கும் பேர் போட்டு ஐசி கார்டு எடுத்துக் குடுங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு மெதுவாக, "யானையே கூப்பிடுது லா. நீயும் ஒரு தடவ என்னை பேர் சொல்லிக் கூப்பிடேன்" என்றீர்கள். நான் வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தாள். முப்பத்தொரு வருஷம் அதைக் காப்பாற்றினேன். கிளினிக்கில் உங்கள் பெயரைக் கேட்டால் ஐசி அட்டையை நீட்டுவேன். "அலமாக், புருஷன் பேர் மறந்து போச்சா?" என்று மலாயில் கேட்டுச் சிரிப்பாள் கவுண்டர்க்காரி. நீங்களும் அவளோடு சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கடைசி நாளன்று எட்டுக் கட்டில் போட்ட வார்டில் கண் திறக்காமல் கிடந்தீர்கள். தாதி தமிழ்ப் பெண். "அக்கா, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. தெரிஞ்ச குரல் கேட்டா சில பேரு கண்ண தொறப்பாங்க" என்றாள். உங்கள் காதருகே குனிந்தேன். பெயர் நாக்கு வரை வந்தது. சொன்னால் இருக்கிற கொஞ்ச ஆயுசும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. "என்னங்க... என்னங்க..." என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் தம் மனைவி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டீர்கள்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. உங்கள் உயிரை நான் பிடித்து வைத்திருக்க முடியாது, அது தெரியும். ஆனால் கேட்டதே ஒரு தடவைதான். அதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். காட்டில் இருக்கிற தாய் யானைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மகள் பேசி முடித்ததும் பின்வாசலுக்குப் போனேன். உங்கள் பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் பெயரைச் சொன்னேன். பாதிக்கு மேல் குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை உரக்கவே கூப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"யாரம்மா கூப்பிடுற?"

"எங்க வீட்டுக்காரரத்தான் கா."

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

பாருங்கள், இந்தக் கடிதத்தைக்கூட 'என்னங்க' என்றுதான் தொடங்கியிருக்கிறேன். பழக்கம் போகாது. ஆனால் காலையில் பின்வாசலைத் திறக்கும்போது இனி உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். குறைந்துபோக உங்களுக்கு இனி ஆயுசு இல்லை.