பெயரில்லாத ஊருக்கு ஒரு முடிவு

13 செப்டம்பர் 1987, ஞாயிறு

இவர் புதுக் கதை எழுதுகிறார். வாரமெல்லாம் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை வடக்கனந்தலுக்கு வந்தால், எனக்கு மிச்சம் இந்தக் கதைதான். 2030இல் நடக்கிறதாம். அந்த ஊரில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன தோன்றும்? பெயர் இருந்தால்தானே இன்னார் என்று தெரியும், எண் மட்டும் இருந்தால் எல்லோரும் சமம் என்று அந்த அரசாங்கம் சொல்கிறது.

"கேக்க நல்லாத்தானே இருக்குது" என்றேன்.

"அதான் வள்ளி பயமே. இந்த மாதிரிக் கதையில சட்டம் எல்லாம் கேக்க நல்லா இருக்கணும். மேல ஒருத்தன் பாத்துக்கினே இருக்கணும், அவன யாரும் பாத்திருக்கக் கூடாது. எல்லாரும் தலையாட்டுறப்போ ஒருத்தன் மட்டும் ஏன்னு கேக்கணும். கடைசில அவன் தோத்துடணும்."

புளிக்குழம்புக்கு நான்கூட இத்தனை பக்குவம் பார்ப்பதில்லை.

ஏன் என்று கேட்டவனின் எண் நாலாயிரத்துப் பன்னிரண்டு. அவனைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். உள்ளே கிடந்து தன் பெயரையே மறந்துபோகிறான். கதை முடிந்தது.

"அவன் பொண்டாட்டிக்குமா தெரியாது?"

"அவளுக்கும் மறந்துபோச்சு."

"பொய்யி. கட்டிக்கினவ எப்படிங்க மறப்பா?"

"நீ என் பேர ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? பேச வந்துட்ட."

சுருக்கென்றது. உண்மைதான், ஒன்பது வருஷமாகச் சொன்னதில்லை. எங்கே கேட்டாலும் ரேஷன் கார்டை நீட்டுவேன். பெயரின் முன்பாதி வாயில் வந்துவிடுமென்று சாமி என்று மட்டும் கும்பிடுகிறேன். பின்பாதி வந்துவிடுமென்று கடிகாரத்தைப் பார்த்தால் "எட்டாச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த நோட்டில்கூட இவர் 'இவர்'தான். இதற்குப் பெயர் மறதியா?

14 செப்டம்பர், திங்கள்

முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார், சொல்லிக்கொள்ளாமல். டிபன் டப்பாவை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறார்.

17 செப்டம்பர், வியாழன்

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. பக்கத்து வீட்டு ஜெயம்மாளின் வீட்டுக்காரரும் மறியலுக்குப் போயிருக்கிறார். "எங்காளுங்க எத்தினி பேரு, அதுல எத்தினி பேருக்கு வேல இருக்குதுன்னு எண்ணியாவது பாக்கட்டும்க்கா" என்றாள்.

எண்ணச் சொல்லிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர் கதையில் அதற்கு இடமே இல்லையே. வந்ததும் சொல்ல வேண்டும்.

வருவார்தானே?

19 செப்டம்பர், சனி

வரவில்லை. பஸ் இல்லாவிட்டால் நடந்தாவது வருகிற ஆள். ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. கோபமா? கோபமாக இருந்தால் பரவாயில்லை. வேறு எதுவும் ஆகியிருக்கக் கூடாது சாமி.

21 செப்டம்பர், திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கால் வீங்கிவிட்டது.

நேற்றுக் காலையில் ஜீப் ஓட்டுகிற சின்னராசு வந்தான். "அக்கா, சார் மலையிலேர்ந்து நடந்து வந்துக்கினு இருந்தாரு. அடிவாரத்துல மரம் கெடந்த எடத்துல நின்னவங்க எல்லாரயும் போலீசு ஏத்திக்கினு போயிடுச்சு. கள்ளக்குறிச்சில ஒரு கல்யாண மண்டபத்துல வெச்சிருக்காங்க."

நடந்தேன். எத்தனை மரம் தாண்டினேன் என்று தெரியாது. மண்டப வாசலில் என்னைப்போல எத்தனையோ பெண்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் களைத்துப்போயிருந்தார்.

"லிஸ்ட் இன்னும் எழுதலம்மா. எண்ணி உள்ள வுட்டதோட சரி. மறியல்ல இல்லாதவங்கள வூட்டாளுங்க வந்தா அனுப்பச் சொல்லிட்டாங்க. ஜன்னல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்புடு."

கார்டை நீட்டினேன்.

"இத வெச்சி நான் இன்னா பண்றது? வாயத் தொறந்து கூப்புடும்மா."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி வரிசையில் இவர் முதுகு. "ஏங்க" என்று கூப்பிட்டேன். நாற்பது ஆண்கள் திரும்பினார்கள், இவரைத் தவிர.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"தெய்வசிகாமணி!"

அசையவில்லை. மறுபடியும் கத்தினேன், தொண்டை கிழிய. பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டிக் கையைக் காட்டின பிறகுதான் திரும்பினார்.

வெளியே வந்ததும் கேட்டேன், காது என்ன செவிடா என்று.

"யாரோ ஒரு பொம்பள யாரையோ கூப்புடுறான்னு நெனச்சேன் வள்ளி. உன் கொரல்ல என் பேரு எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நடு ரோட்டில் அழுதேன். இவரும்தான்.

4 அக்டோபர், ஞாயிறு

கதையை நேற்றுத் தபாலில் போட்டோம். முடிவை மாற்றியிருக்கிறார். கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், அதில் மட்டும் மசியவில்லை. நாலாயிரத்துப் பன்னிரண்டு உள்ளேதான் இருக்கிறான். வெளியே ஒருத்தி ஒரு பெயரைக் கத்துகிறாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் முகம் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறான்.

படித்துவிட்டு அரை நாள் இவருடன் பேசவில்லை. அப்புறம் கேசரி கிளறிக் கொடுத்தேன்.

5 அக்டோபர், திங்கள்

பஸ் வருகிற சத்தம் கேட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "ஏங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். காது கேட்காதவர் மாதிரி ஒரு நடிப்பு. ஜெயம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே ஓடிப் போய் ஏறினார்.

இப்போது மணி ஐந்தே முக்கால்.